ஜாமெட்ரி பாக்ஸ்ல ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப்: சிமாய் கட்டி ரெண்டு மாசம் கேட்ட கதை

மொதல்லயே சொல்லிடறேன், ஃபோனோட வந்த இயர்ஃபோன்ல பாட்டு கேக்கறவங்களுக்கு இந்த ஹெட்ஃபோன் ஆம்ப் தேவையே இல்ல. எங்கிட்ட இருக்கறது பேயர்டைனமிக் டிடி 770 ஹெட்ஃபோன், 250 ஓம் மாடல் (ஓம் அதிகமான ஹெட்ஃபோனுக்கு வோல்டேஜும் அதிகம் வேணும்), செகண்ட் ஹேண்ட்ல அடிச்சு புடிச்சு வாங்கினது. லேப்டாப்ல சொருகி வால்யூம் நூறு வெச்சாலும் பக்கத்து ரூம்ல யாரோ பாடற மாதிரி தான் இருக்கும். ரெடிமேட் ஆம்ப் விலையெல்லாம் பாத்துட்டு பேசாம மூடி வெச்சுட்டேன். காலேஜ் லேப்ல சால்டரிங் பண்ணி கைய சுட்டுக்கிட்டதோட சரி, அதுக்கப்புறம் அயர்ன தொட்டதே இல்ல, இருந்தாலும் சிமாய்ங்கற குட்டி ஆம்ப நானே கட்டி பாத்துடலாம்னு எறங்கினேன்.

சிமாய்ங்கறது கம்பெனி பேரு இல்ல, சூ மோய்னு ஒருத்தர் தொண்ணூறுகளோட கடைசில போட்ட சர்க்யூட், அவர் பேரையே சுருக்கி கூப்பிடறாங்க. அமெரிக்கால பெப்பர்மிண்ட் மிட்டாய் தகர டப்பால கட்டி பாக்கெட்ல போட்டுட்டு சுத்துவாங்களாம். 9 வோல்ட் பேட்டரி ஒண்ணு, எட்டு கால் ஐசி ஒண்ணு, ரெசிஸ்டர் ஒம்போது, கெப்பாசிட்டர் நாலு, வால்யூமுக்கு ஒரு ஸ்டீரியோ பாட் (திருப்பற குமிழ்), ரெண்டு ஜாக், ஒரு சுவிட்ச், எல்இடி. அவ்ளோ தான்.

சாமானுக்கு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் தான், வேற எங்க போறது. ஒரு ரெசிஸ்டர் குடுங்கன்னா மொறைப்பாங்க, பத்து பத்தா ஸ்ட்ரிப்பா தான் வாங்கணும், அதுல ஒண்ணும் நஷ்டமில்ல. ஐசி ஓபிஏ2134னு கேட்டேன். கடைக்காரர் உள்ள போய் பாத்துட்டு வந்து "அது இல்ல தம்பி, 5532 எடுத்துக்கோ, அதே பின் தான், எல்லாரும் ஆடியோவுக்கு இத தான் போடறாங்க"ன்னாரு. விலையும் ரொம்ப கம்மி. பின் அதேதான், அதுல அவர் பொய் சொல்லல. நானும் வாங்கிட்டு வந்துட்டேன்.

ரெண்டு ராத்திரி உக்காந்து டாட் போர்டுல கட்டினேன். ஒரு ரெசிஸ்டர் விடாம மீட்டர்ல வெச்சு பாத்துட்டு தான் போட்டேன், ஏன்னா 1 கேக்கும் 10 கேக்கும் (கேன்னா ஆயிரம் ஓம்) மேல இருக்கற கலர்ல மூணாவது பட்டை தான் வித்தியாசம், ஒண்ணு சிவப்பு ஒண்ணு ஆரஞ்சு, டியூப் லைட்ல ரெண்டும் ஒரே மாதிரி தெரியுது. பேட்டரிய மாட்டி பழைய இயர்ஃபோன் ஒண்ண சொருகினா சத்தம் வருது, ஆனா கிழிஞ்ச ஸ்பீக்கர் மாதிரி கரகரன்னு வருது. சால்டரிங் தப்புன்னு நெனச்சு எல்லா பாயிண்டையும் மறுபடி சூடு காட்டினேன், ஒண்ணும் ஆகல.

அப்புறம் தான் மறுபடி மீட்டர எடுத்து வோல்டேஜ் பாத்தேன். இந்த சர்க்யூட்ல 9 வோல்ட்ட ரெண்டு 4.7 கே ரெசிஸ்டர் வெச்சு பாதியா பிரிச்சு அந்த நடு புள்ளிய தான் கிரவுண்டுனு வெச்சுக்கறோம். இயர்ஃபோன் இல்லாதப்ப ரெண்டு பக்கமும் 4.5 ஒழுங்கா நிக்குது, சொருகினதும் ஒரு பக்கமா சாஞ்சு படுத்துடுது. அவுட்புட்ல பாட்டே ஓடாதப்பவும் 0.2 வோல்ட் டிசி நிக்குது. காரணம் அந்த 5532 தான். அது உள்ள இருக்கறது சாதா டிரான்சிஸ்டர், இன்புட் கால் சும்மா இருக்காம ஒரு 200 நானோ ஆம்ப் இழுக்கும், அது 100 கே ரெசிஸ்டர் வழியா வரும்போது 20 மில்லிவோல்ட், அத இந்த ஆம்ப் 11 மடங்கு பெருக்கும், வந்துச்சா 0.2! அந்த டிசி ஹெட்ஃபோன் வழியா ஓடினா 4.7 கே கிரவுண்டால தாங்கவே முடியாது. ஓபிஏ2134 இன்புட்ல இருக்கறது எஃப்இடிங்கற வேற வகை டிரான்சிஸ்டர், அது இழுக்கறது பிகோ ஆம்ப் கணக்கு, இல்லைன்னே வெச்சுக்கலாம். 5532 நல்ல ஐசி தான், எத்தனையோ மிக்சர்ல இருக்கு, ஆனா இந்த சர்க்யூட்டுக்கு அது ஆகாது.

நல்லவேளை ஐசிய நேரா சால்டர் பண்ணாம, கழட்டி மாட்டற மாதிரி பேஸ் போட்டிருந்தேன். ஆன்லைன்ல ஓபிஏ2134 வரவழைச்சு மாத்தினேன், அவுட்புட்ல இப்ப 5 மில்லிவோல்ட் கூட இல்ல, கரகரப்பு போன எடம் தெரியல. நீங்க கட்டினாலும் இந்த டிசிய பாக்காம நல்ல ஹெட்ஃபோன கிட்ட கூட கொண்டு போகாதீங்க.

டப்பாவுக்கு தங்கச்சியோட பழைய தகர ஜாமெட்ரி பாக்ஸ். காம்பஸ் முனையால குத்தி குத்தி ஜாக்குக்கு ஓட்டை பெருசாக்கினது இருக்கே, சால்டரிங்க விட அது தான் பெரிய வேலை. போர்டு அடில தகரம் படாம இருக்க ஒரு கல்யாண பத்திரிகை அட்டைய வெட்டி வெச்சிருக்கேன். அடாப்டர் சொருக டிசி சாக்கெட் வெக்கறவங்க பிளாஸ்டிக் பாடியா பாத்து வாங்குங்க, டப்பா ஏற்கனவே ஜாக் வழியா நடு கிரவுண்டோட சேந்திருக்கும், சாக்கெட்டோட வெளி உலோகம் டப்பாவுல பட்டா பேட்டரி மைனசும் நடு கிரவுண்டும் ஒண்ணாயிடும், கதை முடிஞ்சுது.

சரி, சத்தம் எப்படி? 250 ஓம் ஹெட்ஃபோனுக்கு உயிர் வந்துடுச்சு. நாதஸ்வர கச்சேரி ரெக்கார்டிங் போட்டா தவிலோட வலந்தலையும் தொப்பியும் தனித்தனியா கேக்குது, முன்னாடி ரெண்டும் கொழகொழன்னு ஒண்ணா இருக்கும். ஆனா 11 மடங்கு ரொம்ப அதிகம், வால்யூம் பாட்ட கொஞ்சம் திருப்பினதும் காது போயிடும், அந்த ஆரம்ப எடத்துல சீப்பான பாட் எல்லாமே இடது வலது சமமா இருக்காது. ஸ்ட்ரிப்ல மிச்சம் இருந்த 4.7 கேய, எத்தனை மடங்குன்னு முடிவு பண்ற 10 கே எடத்துல போட்டு 5.7 மடங்குக்கு எறக்கினேன், இப்ப பாதி வரைக்கும் திருப்ப முடியுது, ரெண்டு காதும் சமம். ஃபோன்ல 32 ஓம் இயர்ஃபோனுக்கும் போட்டு பாத்தேன், சத்தம் கூடுது, வேற எந்த வித்தியாசமும் எனக்கு தெரியல.

கடுப்பு பேட்டரி தான். ஐசி சும்மா இருக்கறப்பவே 8 மில்லி ஆம்ப் குடிக்கும், எல்இடியும் சேத்தா பத்து தாண்டுது. சாதா 9 வோல்ட் பேட்டரி போட்டா நாலஞ்சு நாள்ல தவில் அடி விழற எடத்துல சத்தம் உடையுது, அல்கலைன் போட்டா ரெண்டு வாரம் ஓடுது. மொத்த செலவு அந்த வீணா போன 5532ஐயும் சேத்து 700 ரூபா சொச்சம், அயர்னும் மீட்டரும் ஏற்கனவே இருந்துச்சு. அஞ்சுக்கு நாலு குடுப்பேன், பேட்டரிக்கு ஒண்ணு கட்.

அடுத்தது ரெண்டு பேட்டரிய தொடரா போட்டு நடு சந்திப்பையே கிரவுண்டா வெச்சுடலாம்னு இருக்கேன், ரெசிஸ்டர் பிரிக்கற வேலையே வேணாம், வோல்டேஜும் டபுள். ஆனா ஜாமெட்ரி பாக்ஸ்ல எடம் பத்தாது, பெரிய தகர டப்பா ஏதாவது மாட்டுதான்னு கிச்சன்ல தேடிட்டு இருக்கேன், அம்மா ஒரு கண்ணு வெச்சிருக்காங்க.