விலகிய மார்சியானோ, திரும்பி வந்த லூயிஸ்

1951 அக்டோபர் 26, நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கின் குத்துச்சண்டை மேடை. எட்டாவது சுற்றில் ராக்கி மார்சியானோ விட்ட குத்தில் ஜோ லூயிஸ் கயிறுகளுக்கு வெளியே போய் விழுந்தார். அப்போது லூயிஸுக்கு 37 வயது. எப்போது விலகுவது என்பதில் இந்த இருவரில் யார் சரி?

லூயிஸ் முதலில் சரியான நேரத்தில்தான் விலகினார். 1937-இல் வென்ற ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) பட்டத்தை 25 முறை காப்பாற்றி, 1949-இல் சாம்பியனாகவே ஓய்வு அறிவித்தார். ஆனால் வருமான வரி பாக்கி கழுத்தை நெரித்தது. போர்க் காலத்தில் இரண்டு போட்டிகளில் கிடைத்த பணத்தைக் கடற்படை, ராணுவ நல நிதிகளுக்குக் கொடுத்தவர் அவர். அதற்கும் வரி கேட்டார்கள்! இதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. வேறு வழியில்லாமல் 1950-இல் திரும்பி வந்தார், அப்போதைய சாம்பியன் எஸ்ஸார்ட் சார்ல்ஸிடம் தோற்றார். அப்புறம் இந்த மார்சியானோ போட்டி. ஜெயித்தவரே உடைமாற்றும் அறையில் அழுதாராம். லூயிஸ்தான் அவருடைய ஆதர்ச வீரர்.

மார்சியானோ அந்த வழியில் போகவில்லை. 1955 செப்டம்பரில் ஆர்ச்சி மூர் இரண்டாவது சுற்றில் அவரைக் கீழே சாய்த்தார். எழுந்து நின்று, ஒன்பதாவது சுற்றில் மூரை நாக்அவுட் செய்தார். அடுத்த ஏப்ரலில், 32 வயதில், 49 போட்டி, 49 வெற்றி என்ற கணக்கோடு, குடும்பத்துக்காக என்று சொல்லி விலகிவிட்டார்.

என் ஓட்டு மார்சியானோவுக்கே. அதற்காக லூயிஸைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவருக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. மார்சியானோவுக்கும் ஆசை விடவில்லை. 1959-இல் மீண்டும் களமிறங்க நினைத்துப் பயிற்சியைத் தொடங்கியவர், சில வாரங்களில் வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார்.