திசையன்விளைக் காற்றில் ஒன்பது வருடம்: என் வீட்டு டிஷ்

எண்பதுகளில் எங்கள் ஊர் மாடிகளில் ஆண்டெனாக்கள் தென்கிழக்கைப் பார்த்து நிற்கும். 1982-ல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினிக்காக. அண்ணன் மேலே கம்பத்தைத் திருப்ப, நான் கீழிருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஆங், விட்டுரு" என்று கத்துவேன். புள்ளி புள்ளியாக இருந்தாலும் படம் பார்த்துவிடலாம்.

2016-ல் அதே மாடியில் மாதக் கட்டண டிஷ் வைத்தேன். அதுவும் தென்கிழக்கைத்தான் பார்க்கிறது, ஆனால் 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளை. படத் தெளிவில் குறையே இல்லை. அம்மாவால் கண்ணாடி போடாமலே செய்தியின் அடிவரியை வாசிக்க முடிகிறது.

தொல்லை ஆனி, ஆடியில்தான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று டிஷ்ஷை நாளுக்கு ஒரு நூலளவு நகர்த்தும். பழைய ஆண்டெனா என்றால் புள்ளி கூடுவதைப் பார்த்தே தெரிந்துகொள்வோம். டிஜிட்டலில் அது தெரியாது. வரும் சிக்னலில் உள்ள பிழைகளைச் செட்டாப் பெட்டியே சரிசெய்துகொண்டு கடைசி வரை பளிச்சென்று காட்டும். அதன் எல்லை தாண்டினால் படம் கட்டம் கட்டமாக உடையும், அப்புறம் ஒன்றுமே வராது. 2019-ல் அப்படித்தான் ஒரு சாயங்காலம் படம் நின்றது. நிறுவனத்தின் ஆள் வர நான்கு நாள் ஆனது, வந்ததற்கே தனிக் கட்டணம். பெட்டியை மாற்றச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்புறம் பஜாரில் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "அண்ணாச்சி, பெட்டி நல்லாத்தான் இருக்கு. டிஷ் கால் ஆடுது, சிமெண்ட் போட்டு ஊனணும்" என்றார். ஊன்றினோம், படம் வந்துவிட்டது.

ஐப்பசி மழை வேறு விஷயம். கொட்டும்போது போகும், விட்டதும் தானே வந்துவிடும். அதற்காக யாரையும் கூப்பிட வேண்டாம்.

2021-ல் அம்மா அறைக்கு டிடி ஃப்ரீ டிஷ்ஷும் வைத்தேன். மாதக் கட்டணம் கிடையாது. தமிழ்ச் சேனல்கள் குறைவு, டிடி தமிழ் வருகிறது. 2024 ஜனவரியில் பெயர் மாறியும் அம்மாவுக்கு அது இன்றும் பொதிகைதான். ஒரே ரிமோட்டில் அவரே போட்டுக்கொள்கிறார், எனக்கு அது பெரிய நிம்மதி.

டிஷ் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை மெனுவில் சிக்னல் தரம் எவ்வளவு என்று பாருங்கள். படம் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் 90-ல் இருந்தது போன வாரம் 70-க்கு வந்திருந்தது, படத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கிறேன்.