இலங்கை மலைநாட்டில், பட்டிப்பொல ரயில் சுரங்கத்துக்கு இந்தப் பக்கப் புல்லா, அந்தப் பக்கப் புல்லா? தண்ணீரை ஆகாயத்துக்கு அதிகம் விடுவது எது?

ஆடி மாதம் பதுளைக் கோச்சியில் (ரயிலில்) வந்தவர்களுக்குத் தெரியும். பட்டிப்பொலயில் ஜன்னலைத் திறக்க முடியாத தூறல், அதைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழைந்து ஒஹியப் பக்கம் வெளியே வந்தால் பல நாள் கண் கூசும் வெயில். சுரங்கத்துக்கு இருபுறமும் பத்தனா எனப்படும் மலைப் புல்வெளிகள் உண்டு. மேலே ஹோர்ட்டன் சமவெளியில் ஈரப் பத்தனா, கீழே ஊவாவில் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் மானாப்புல் மண்டிய வரண்ட பத்தனா.

இதை அலசக் காரணம், எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மலையூற்றுத் தண்ணீர் வரும் பீலி. ஆவணிக்குள் அது நூல் மாதிரி ஆகிவிடும். உடனே யாராவது, "மேல மானா எல்லாத் தண்ணியையும் குடிக்குது, வெட்டிட்டு மரம் நடுங்க" என்பார்கள். வெயில் அதிகமான இடத்தில் புல்லும் அதிகம் குடிக்கும் என்று நானும் வெகுநாள் நம்பியிருந்தேன்.

துணி காய்வதைப் பாருங்கள், விஷயம் பாதி புரிந்துவிடும். நுவரெலியாவில் ஆடியில் துவைத்த கம்பளிச் சட்டை மூன்று நாளாகியும் பிசுபிசுக்கும், கடைசியில் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகை வாசத்தோடுதான் போட்டுக்கொள்ள வேண்டும். அதே நாளில் வெலிமடையில் காலையில் காயப்போட்ட சாரம் (லுங்கி) மதியச் சாப்பாட்டுக்குள் மொறமொறப்பாகிவிடும். சரி, அதற்குப் பிறகு? எவ்வளவு வெயில் அடித்தாலும் அந்தச் சாரத்திலிருந்து போக ஒரு சொட்டும் இல்லை.

மேலே ஹோர்ட்டன் சமவெளியில் நடப்பது அந்தக் கம்பளிச் சட்டையின் கதை. சராசரி வெப்பம் 13 பாகை, ஆண்டு மழை 2000 மில்லிமீற்றருக்கு மேல், பருவக்காற்று இரண்டும் தொட்டுவிட்டுப் போகிறது. 25 பாகைக் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் பாதியைக்கூட 13 பாகைக் காற்று தாங்காது. அதோடு மூடுபனி வேறு. புல்லின் காலடியில் தண்ணீர் கிடக்கிறது, அதை எடுத்துக்கொள்ளத்தான் காற்றுக்கு வலுவில்லை. அதனால் அங்கே இன்னும் 100 மில்லிமீற்றர் கூடப் பெய்தாலும் புல் அதில் பெரிதாக எதையும் ஆகாயத்துக்கு விட்டுவிடாது, மிச்சமெல்லாம் அந்தக் கறுப்பு மண்ணுக்குள் இறங்கி ஓடைக்குப் போய்விடும். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தலைநீர் அங்கிருந்து போவது சும்மா இல்லை. தை, மாசியில் வானம் வெளுத்து இரவில் உறைபனி விழும் சில வாரங்கள் மட்டும் கணக்கு மாறும். அப்போது பகல் வெயிலும் காய்ந்த காற்றும் சேர்ந்து நன்றாகவே உறிஞ்சும்.

ஊவாப் பக்கம் சாரத்தின் கதை. தென்மேல் பருவக்காற்று தன் மழையை மலையின் மேற்குப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, மலையிறங்கும்போது சூடேறி, காய்ந்து வருகிறது. மட்டக்களப்பில் இதைத்தான் கச்சான் என்பார்கள் (கொறிக்கிற கச்சான் இல்லை). அப்போது காற்றின் தாகம் உச்சத்தில் இருக்கும், மண்ணில் ஈரம் இருக்காது. மானா மஞ்சளாகிக் கடையை மூடிவிடும், இழப்பும் (ஆவியாகிப் போகும் தண்ணீரும்) படுத்துவிடும். ஊவாவின் பெருமழை ஐப்பசியிலிருந்து தை வரை. அந்த மாதங்களில் மேகமும் குளிரும் இருப்பதால் காற்றுக்குத் தாகம் குறைவு, மிஞ்சிய தண்ணீர் நிலத்துக்குள் இறங்க நேரம் கிடைக்கிறது. பீலியில் மாசி வரைக்கும் வருவது அந்தத் தண்ணீர்தான். அதே அளவு மழையை வருஷம் முழுக்க நாலு சொட்டு நாலு சொட்டாகப் பிரித்துப் போட்டுப் பாருங்கள், பெரும்பகுதி இலையிலும் மேல்மண்ணிலுமே ஆவியாகிவிடும், ஊற்றுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆண்டு மொத்தத்தை மட்டும் வைத்துப் பேசுகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

பூமி சூடாவதற்கும் இரண்டும் ஒரே மாதிரி ஆடாது. மேலே மூடுபனி குறைந்து வெப்பம் ஏறினால் இழப்பு நேரடியாக ஏறும், ஏனென்றால் தண்ணீர் தயாராகக் கிடக்கிறது. கீழே வெப்பத்தைவிட மழை எப்போது, எப்படி விழுகிறது என்பதுதான் பெரிய விஷயம்.

அப்புறம் அந்த மரம். 1970களின் பிற்பகுதியிலிருந்து ஊவாப் பத்தனாக்களில் பைன் நட்டார்கள். பைன் கடையை மூடுவதில்லை, வேர் ஆழம், இலை எப்போதும் பச்சை, விழும் மழையில் ஒரு பங்கு ஊசியிலையிலேயே தங்கி ஆவியாகும். உலகம் முழுக்க 250க்கும் மேற்பட்ட நீரேந்து பகுதிகளை வைத்து 2001ல் வந்த ஓர் ஆய்வின்படி, ஆண்டுக்கு 1500 மில்லிமீற்றர் மழை பெறும் இடத்தில் புல்வெளி சுமார் 750ஐ ஆகாயத்துக்கு விடுகிறது, காடு சுமார் 1100ஐ. மழை கூடக் கூட இந்த இடைவெளியும் கூடுகிறது. ஹோர்ட்டன் சமவெளி ஓரத்து முகில்காடு வேறு ரகம், அது மூடுபனியைச் சீவி எடுத்துக் கீழே சொட்டவிடும். பைனை அதோடு சேர்த்துப் பேசாதீர்கள்.

எங்கள் பீலிக்கு மேலே எதை விடலாம் என்றால் என் ஓட்டு மானாவுக்குத்தான், எரிக்காத மானாவுக்கு. ஆவணியில் யாராவது நெருப்பு வைத்துவிட்டால் ஐப்பசியின் முதல் மழை மொட்டை மண்ணில் அடித்து, செம்மண்ணையும் அள்ளிக்கொண்டு பள்ளத்துக்கு ஓடிவிடும். பீலியில் நாலு நாள் தேத்தண்ணி நிறத்தில் வரும்.