திருச்சியில் மகளின் பல்லைக் காட்டிய அனுபவம்

டொராண்டோவிலிருந்து விடுமுறைக்குத் திருச்சி போனால் பல், கண் வேலைகளையும் சேர்த்தே முடித்துக்கொண்டு வருவது எங்கள் வீட்டு வழக்கம். இந்த முறை 11 வயது மகளுக்குக் கிளிப் போட நினைத்திருந்தோம். மேல் முன்பற்கள் எடுப்பாக இருக்கின்றன.

முதலில் போன இடத்தில் மூன்றே நிமிடம். வாயைத் திறக்கச் சொன்னார்கள். கடிக்கச் சொல்லவே இல்லை. இரண்டு பல்லைப் பிடுங்கிவிட்டு, நாங்கள் கிளம்புவதற்குள் கிளிப் ஒட்டிவிடலாம் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

தில்லைநகரில் பார்த்த பல் சீரமைப்பு மருத்துவர் மகளைக் கடிக்கச் சொல்லிச் சற்று நேரம் கவனித்தார். பிறகு, "நாக்கு நுனியை மேலே மடித்து அண்ணத்தின் பின்பக்கம் வைத்துக்கொண்டு கடி, கண்ணு" என்றார். கீழ்த்தாடை அப்படியே பின்னால் போனது. எடுப்பு தெரியாமலிருக்கத் தாடையை முன்னே தள்ளிக் கடிக்கும் பழக்கம் சில பிள்ளைகளுக்கு வந்துவிடுமாம். பெற்றவளுக்கே இத்தனை நாள் தெரியவில்லை! அளந்தால் மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே 8 மி.மீ.; இருக்க வேண்டியது 2, 3 தான்.

அச்செடுத்து, பிளாஸ்டர் மாதிரியை என் கையில் கொடுத்தே விளக்கினார். மேல், கீழ்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தை வகை பிரிக்க, அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1899-இல் வகுத்த முறைதான் இன்றும் நடப்பில் இருக்கிறது. ஆறு வயதுவாக்கில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்தான் அதற்கு அடையாளம். மேல் பல்லின் கன்னப்பக்க முன்முனை கீழ்ப் பல்லின் பள்ளத்தில் உட்கார்ந்தால் முதல் வகை. கீழ்ப் பல் பின்தங்கினால் இரண்டாவது, முந்தினால் மூன்றாவது. பென்சிலால் கோடு போட்டார். மகளுக்குப் பாதிப் பல் அகலம் விலகியிருந்தது. முன்பற்களும் வெளியே சாய்ந்திருப்பதால் இரண்டாம் வகை, முதல் பிரிவு.

இந்த முறை பல்லின் இடத்தைத்தான் சொல்லும், எலும்பைச் சொல்லாது. பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்த பிறகே கீழ்த்தாடை வளர்ச்சி குறைவு என்று உறுதியானது. வளரும் வயதுதான், கழற்றி மாட்டும் கருவியை முதலில் முயலலாம், பல் பிடுங்கும் பேச்சே இப்போது வேண்டாம் என்றார்.

"ஆனால் நான் தொடங்க மாட்டேன் அம்மா. மாதாமாதம் பார்க்க வேண்டிய வைத்தியம் இது. அங்கேயே செய்யுங்கள்." வந்த வருமானத்தை விட்டுவிட்டு அவர் சொன்ன இந்த வார்த்தைக்காகவே இதை எழுதுகிறேன். எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய்தான் வாங்கினார்.

பிளாஸ்டர் மாதிரிகளை அம்மா பழைய வேட்டியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக் கொடுத்தார். டொராண்டோ மருத்துவர், தில்லைநகர் மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதத்தின் முதல் வரியைப் படித்தார், தலையை அசைத்தார். பிறகு மகளை நாற்காலியில் சாய்த்து, நாக்கை மேலே மடித்துக் கடிக்கச் சொன்னார்.