கலர் ஷீட்டைக் குறை சொல்ல மாட்டேன், ஸ்க்ரூவைத்தான் திட்டப் போகிறேன்

போன வாரம்தான் ஆளை ஏற்றிக் கூரையில் இருந்த ஸ்க்ரூ எல்லாவற்றையும் மாற்றினேன். கூலி கொடுத்த கடுப்பு அடங்குவதற்குள் மச்சான் போன் போட்டு, "ஓட்டைப் பிரிச்சிட்டு ஷீட் போடலாம்னு இருக்கேன், உங்க வீட்டுல எப்படி இருக்கு மச்சான்?" என்கிறார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

எங்களுக்கு வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ராத்திரி சீமை ஓட்டில் பாதி முற்றத்தில் கிடந்தது. மிச்சத்தை அடுக்கிக் கொஞ்ச காலம் ஒப்பேற்றிவிட்டு, அப்புறம்தான் ஜிஐ பைப்பில் ட்ரஸ், அதாவது கூரையைத் தாங்கும் சட்டம், அடித்துக் கலர் ஷீட் என்கிற பெயிண்ட் பூசிய தகரம் போட்டோம். சிமெண்ட் ஷீட் விலை குறைவுதான், ஆனால் அது கல்நார் சரக்கு. தேங்காய் விழுந்தால் உடையும், உடைந்தால் அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அதனால் அந்தப் பேச்சையே விட்டாச்சு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மழைக்கு முன்னால் ஆள் தேடி ஓடு மாற்றுவது, மரநாய் நடந்து ஓடு விலகுவது, ரீப்பரில் கரையான், எதுவும் இப்போது இல்லை. மதிய வெயிலில் உள்ளே உட்கார முடியாது, அது உண்மை. ஆனால் பொழுது சாய்ந்தால் ஷீட் சட்டென்று ஆறிவிடும், பக்கத்து மாடி வீட்டுத் தளம் நடுராத்திரி வரை அனல் விடும். மழைச் சத்தத்தில் டிவி கேட்காது, போகட்டும்.

பிரச்சினையே இந்த ஸ்க்ரூதான். ஷீட் அலுமினியம் துத்தநாகப் பூச்சு, அதற்கு மேல் பெயிண்ட், இத்தனை மில்லி கனம் என்று விற்கிறவர் அரை மணி நேரம் பேசுவார். ஆனால் தண்ணீர் இறங்குவது ஸ்க்ரூத் தலைக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்ன ரப்பர் வாஷர் வழியாக. கழற்றியதில் ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது. வெயில் ஏறினால் ஷீட் நீளும், ராத்திரி சுருங்கும். 20 அடி ஷீட்டுக்கு ஒரு நாளைக்கு 3 மில்லி போல இந்த இழுபறி நடக்கிறது, துளை அகலமாகிக்கொண்டே போகிறது, ரப்பர் நல்ல ஈபிடிஎம் (வெயில் தாங்கும் செயற்கை ரப்பர்) ஆக இருந்தால் தாங்கும், எங்களுக்குப் போட்டவர் மாட்டியதோ எந்தக் குப்பையோ. அதிலும் எல்லாவற்றையும் ஷீட்டின் பள்ளத்தில் அடித்துவிட்டுப் போயிருக்கிறார், மழைத் தண்ணீர் ஓடுகிற பாதையே அதுதானே ஐயா! மேட்டில் அடித்தால் ஷீட் நசுங்காமல் நிதானமாக அடிக்க வேண்டும், அந்த நிதானம் யாருக்கு இருக்கிறது? முறுக்கும் கணக்குதான். அளவுக்கு மேல் முறுக்கினால் ரப்பர் பிதுங்கிக் கிழியும், குறைந்தால் ஒழுகும்.

எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஸ்க்ரூ போட்டால் துருவே பிடிக்காது என்று கடையில் ஒருவர் சொன்னார். கடல் காற்றில் அது ஸ்க்ரூவைக் காப்பாற்றிவிட்டுச் சுற்றியுள்ள ஷீட்டை அரிக்க வைத்துவிடும். கடலோரத்துக்கென்று கனமான பூச்சுப் போட்ட ஸ்க்ரூ தனியாக இருக்கிறது, அதைத்தான் கேட்டு வாங்கினேன்.

நியாயமாகச் சொன்னால் ஷீட்டின் மேல் குற்றமில்லை. கட்டிங் மெஷின் பொறி பட்ட ஓரத்தில் மட்டும் துரு, மற்றபடி போட்ட அன்று இருந்த மாதிரியேதான் இருக்கிறது. இருந்தாலும் நடுராத்திரியில் கட்டிலை நகர்த்தி வாளி வைத்த எரிச்சல் போகவில்லை, பேசாமல் ஓடே இருக்கட்டும் மச்சான் என்று சொல்லிவிட்டேன்.

அவர் சிரிக்கிறார். ஷீட்டுக்கு அட்வான்ஸ் ஏற்கெனவே கொடுத்தாயிற்றாம், சிவப்பா பச்சையா என்று கேட்கத்தான் போன் போட்டாராம். இரண்டும் வேண்டாம், வெள்ளையாகப் பார்த்து எடுங்கள், சூடாவது குறையும் என்றேன். ஸ்க்ரூவை மட்டும் நானே வாங்கித் தருகிறேன்.