எந்த ஆட்டத்தில் சேதாரம் குறைவு?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருபது வருஷமாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். எதைப் பார்த்தாலும் முதலில் சேதாரம்தான் கண்ணில் படும். லாட்டரி, கைப்பேசி ரம்மி, கூட்டாளிகளோடு ஜமுக்காளத்தில் உட்கார்ந்து ஆடும் ரம்மி என மூன்றிலும் காசு விட்டவன் நான். இப்போது கையில் மிச்சமிருப்பது ஜமுக்காளம் மட்டும்தான்.

லாட்டரிக்கு நிறையச் சொல்ல வேண்டாம். தமிழ்நாட்டில் 2003-லேயே நிறுத்திவிட்டார்கள். பாலக்காட்டுப் பக்கம் போனபோது கேரளச் சீட்டு இரண்டு மூன்று வாங்கியதுண்டு. ஒரு கோடி விழுந்தால் ஏஜெண்ட் கமிஷன் பத்து சதவீதம், மீதியில் வரி 30 சதவீதம் போக 63 லட்சம், மேல்வரி தனி. அது விழுந்தவன் கவலை. எனக்கு விழுந்தது ஒரே ஒரு முறை, நூறு ரூபாய்.

கைப்பேசி ரம்மிதான் என்னை உட்கார வைத்துக் கணக்குப் போட வைத்தது. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றமே 1967-ல் சொல்லியிருக்கிறது. எனக்கும் கை ஓரளவு வரும். ஆனாலும் எட்டு மாதத்தில் 18,000 போனது. எப்படி? ஐந்து பேர் ஆளுக்கு 1,000 கொண்டுவருகிறார்கள், ஆட்டத்துக்கு 100 கட்டுகிறார்கள் என்று வையுங்கள். மேசையில் 500. ஆட்டத்தை நடத்தும் தளம் அதில் பத்து சதவீதம், 50 ரூபாய், எடுத்துக்கொள்கிறது. ஜெயித்தவனுக்கு 450 வந்த சந்தோஷத்தில் யாரும் அந்த ஐம்பதைப் பார்ப்பதில்லை. நூறு ஆட்டத்துக்கு எவ்வளவு? 5,000. அதாவது ஐந்து பேரும் கொண்டுவந்த மொத்தப் பணம்! ஒரே வெள்ளியைத் திரும்பத் திரும்ப உருக்கினால் என்ன ஆகுமோ அதேதான். போதாததற்கு 2023 அக்டோபரிலிருந்து கட்டும் பணத்துக்கே 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. கடைசியில் 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கே நாடாளுமன்றம் தடை போட்டது. நான் அதற்கு முன்பே செயலியை அழித்துவிட்டேன். அசல் கெட்டிக்காரன் அந்தக் கமிஷனையும் தாண்டி ஜெயித்திருக்கலாம். அப்படி ஒருவனோடு நான் பழகியதில்லை.

ஜமுக்காளத்தில் கமிஷன் எடுக்கும் மேசைக்காரன் கிடையாது. நாலு பேர் கொண்டுபோன காசு நாலு பேருக்குள்ளேயே சுற்றும். கூட்டாளி ஒருவனுக்கு ஏற்காட்டில் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. மழை நாளில் ஓட்டு வீட்டுக்குள் உட்கார்ந்தால் இரவு பதினொன்று வரை போகும். சேதாரம் என்றால் இருபது கொண்டை ஊசி வளைவுக்கான பெட்ரோல்தான், அது சும்மா மலை ஏறினாலும் ஆகும். வருஷக் கணக்கில் நான் லாபமா நஷ்டமா என்று எழுதி வைக்கவில்லை. ஏறக்குறைய சரிக்குச் சரி என்றுதான் நினைக்கிறேன். தோற்றவனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வான்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. புள்ளிக்கு 25 பைசா என்றால் ஃபுல், அதாவது ஒரு கையில் அதிகபட்சமான 80 புள்ளி, வாங்கினாலும் 20 ரூபாய்தான். ஒரு தீபாவளிக்கு வீராப்பில் புள்ளி ஐந்து ரூபாய் ஆக்கினோம். ஒரே கையில் 400 போனதும் ஒருத்தன் முகம் செத்துப்போனது. அப்புறம் மூன்று மாதம் அவன் வரவேயில்லை. திரும்ப 25 பைசாவுக்கு இறங்கிய பிறகுதான் வந்தான்.

போன தடவை எனக்கு 60 ரூபாய் நஷ்டம். அடிவாரம் வந்ததும் ஜெயித்தவன் எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தான். எனக்கு மட்டும் காரச் சட்னி தூக்கலாக வைக்கச் சொன்னான்.