பொலெண்டாவுக்கு எந்த மாவு, எது இல்லாவிட்டால் எது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பொலெண்டா என்பது சமைத்து முடித்த பண்டத்தின் பெயர், உடைத்த மக்காச்சோளத்தைத் தண்ணீரில் கிண்டிச் செய்யும் இத்தாலியக் களி. அதே பெயரை அச்சிட்ட பாக்கெட்டுக்குள் இருப்பது உடைத்த மக்காச்சோளம்தான். அதனால் பெயரைத் தேடி அலையவேண்டாம். எவ்வளவு கொரகொரப்பாக உடைத்திருக்கிறார்கள், ஏற்கெனவே வேகவைத்து உலர்த்தியதா என்ற இரண்டை முதலில் பாருங்கள்.

இத்தாலியில் கொரகொரப்பானதை பிரமாத்தா என்றும், நைஸாக அரைத்ததை ஃபியோரெத்தோ என்றும் சொல்வார்கள். கொஞ்சம் எடுத்து விரலிடுக்கில் தேய்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். முதலாவது மணல்போல நறநறக்கும், இரண்டாவது விரல் ரேகைக்குள் ஏறிக்கொள்ளும். பிரமாத்தா வேக 40, 45 நிமிடம் ஆகும். ஒரு கப்புக்கு நான்கு முதல் ஐந்து கப் தண்ணீர் குடிக்கும். ஆனால் வெந்தபிறகும் ஒவ்வொரு குருணையும் நாக்கில் தனியாகத் தட்டுப்படும். நைஸ் மாவு 15, 20 நிமிடத்தில் வெந்துவிடும், வழவழவென்று இருக்கும், கவனம் பிசகினால் கட்டி தட்டும். கொரகொரப்புக்கே என் ஓட்டு. நேரம்தான் பிரச்சினை என்றால் குருணையை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போடுங்கள், வேகும் நேரம் நன்றாகக் குறையும். அடுப்பில் இருக்கும்போது பாத்திரத்துக்கு மேலே முகத்தை நீட்டவேண்டாம். கொப்புளம் வெடித்துத் தெறிக்கும் துளி தோலில் ஒட்டிக்கொண்டு சுடும்.

இன்ஸ்டன்ட் என்பது ஏற்கெனவே வேகவைத்து உலர்த்தியது. ஐந்து நிமிட வேலை. சோள மணம் குறைவு, சும்மா தட்டில் ஊற்றிச் சாப்பிட்டால் சப்பென்று இருக்கும். ஆனால் ஆறவைத்து, துண்டு போட்டு, எண்ணெயில் பொன்னிறமாக வறுக்கப்போகிறீர்கள் என்றால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. அங்கே முக்கால் மணி நேரம் கிண்டுவது வீண் உழைப்பு.

கல்லில் அரைத்ததா, முளைக்கருவை நீக்கியதா என்றும் பார்க்கவேண்டும். கல்லில் அரைத்ததில் பெரும்பாலும் கரு இருக்கும். கரு இருந்தால் மணம் தூக்கலாக இருக்கும், ஆனால் அதிலுள்ள எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது. கரு நீக்கியது அலமாரியிலேயே மாதக்கணக்கில் தாங்கும்.

சரி, இது எதுவுமே கிடைக்கவில்லை என்றால்? அமெரிக்கத் தென்மாநிலங்களில் கிரிட்ஸ் என்று சொல்லும் சோளக் குருணைதான் நெருங்கிய சொந்தம். அது பெரும்பாலும் மாவுத்தன்மை அதிகமுள்ள டென்ட் வகைச் சோளத்தில் செய்வது. இத்தாலியர்கள் வழக்கமாக எடுப்பது கெட்டியான ஃபிளின்ட் வகை. அதனால் கிரிட்ஸ் சற்றுக் கூடுதலாகக் குழையும், அவ்வளவுதான். வெள்ளையாக இருக்கிறதே என்று தயங்கவேண்டாம், இத்தாலியின் வெனெத்தோ பகுதியில் மீனுக்குத் துணையாக வைப்பதே வெள்ளைப் பொலெண்டாதான்.

கோதுமை ரவையும் ஒரு வழி. பதம் ஓரளவு வரும், சோள ருசி வராது. கோதுமையிலுள்ள குளூட்டன் புரதம் ஆகாதவர்கள் தொடவே கூடாது.

கார்ன் ஃப்ளோர் பக்கம் மட்டும் போகாதீர்கள். அமெரிக்காவில் அந்தப் பெயர் நைஸாக அரைத்த சோள மாவைக் குறிக்கும், பிரிட்டிஷ் வழக்கில் சுத்தமான ஸ்டார்ச்சைக் குறிக்கும். இது தெரியாமல் ஒருமுறை நான் வெள்ளைப் பொடியைக் கொதிநீரில் கொட்டினேன். இரண்டே நிமிடத்தில் கண்ணாடிபோலப் பசை ஒன்று கரண்டியைப் பிடித்துக்கொண்டது. மாசா ஹரினாவும் ஒத்துவராது. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்தது அது, வாசனையே வேறு, கிண்டினால் தோர்த்தியா என்ற மெக்சிகோ ரொட்டிக்குப் பிசைந்த மாவுபோலத் திரளும். ஆனால் அந்தச் சுண்ணாம்புக்கு ஒரு பெருமை உண்டு. சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்ற வைட்டமினை அதுதான் விடுவிக்கிறது. அந்த வழக்கம் இல்லாமல் பொலெண்டாவை மட்டுமே நம்பி வாழ்ந்த வட இத்தாலிய ஏழைகளை 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நயாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் வாட்டியது.

மாற்றுப் பொருள் சேர்ப்பது ஒன்றும் துரோகமில்லை. கொலம்பஸுக்குப் பிறகுதான் மக்காச்சோளம் இத்தாலிக்கே வந்தது, அதற்கு முன் சிறுதானியத்திலும் செஸ்ட்நட் கொட்டை மாவிலும் கிண்டியதும் பொலெண்டாதான். இன்றும் வட இத்தாலியின் வால்தெல்லினா பள்ளத்தாக்கில் பக்வீட் என்ற தானிய மாவு கலந்து 'தராஞ்ஞா' செய்கிறார்கள். சோளக் குருணை பாதிதான் மிச்சம் என்றால் அந்த வழியைப் பிடியுங்கள். நிறம் சாம்பல் தட்டும், வெண்ணெயும் சீஸும் தாராளமாகச் சேர்த்தால் யாரும் நிறத்தைப் பற்றிக் கேட்கமாட்டார்கள்.